எமகண்டத்துக்கு முன் ஒரு கையெழுத்து

23.6.2025, திங்கள்

குக்கர் கேஸ்கட் மாற்றியாயிற்று. கொத்தவரங்காய் முற்றல், கடைக்காரர் கண்ணைப் பார்த்துப் பேசாதபோதே தெரிந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் இவுக சிரித்த முகமாக வந்தாக. இவுக சிரித்துக்கொண்டு வந்தால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். பள்ளத்தூர்ப் பூர்வீக வீட்டைப் பெங்களூர்க் கம்பெனி ஒன்று பதினைந்து வருஷக் குத்தகைக்கு எடுத்து ஓட்டல் நடத்தப் போகிறதாம். "ஒண்ணுமில்ல தேனு, நீ ஒரு கையெழுத்து மட்டும் போடணும்."

நான் எதுக்கு? கூட்டாளிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவன் தலைமறைவானதும், வீடு போய்விடுமோ என்று பயந்து தன் பங்கை என் பெயருக்கு எழுதி வைத்தது இவுகதானே. அன்றைக்கு என்ன சொன்னாக? "பேருக்குத்தான். பாத்தியதை எல்லாம் எனக்குத்தான்." இப்போது அந்தப் பேர் இல்லாமல் கம்பெனி ஒரு ஆணி அடிக்காதாம்.

முருகா, நீ சிரிக்கிறது கேக்குது.

27.6.2025, வெள்ளி

ஒப்பந்தக் கட்டு வந்தது. முழுக்க இங்கிலீஷ். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட இங்கிலீஷை வைத்து ராத்திரிச் சமையலுக்கு முன் ஆறு பக்கம் தாண்டினேன். "இதையெல்லாம் எவன் படிப்பான்?" என்றாக இவுக. உண்மைதான். படித்திருந்தால் ஜாமீன் கையெழுத்தே இருந்திருக்காது.

நீச்சல் குளம் பற்றி இருக்கிறது. வாசலில் கார் நிறுத்துவது பற்றி இருக்கிறது. படைப்பைப் பற்றி ஒரு எழுத்தில்லை.

வருஷா வருஷம் சிவராத்திரிக்கு மறுநாள் பங்காளிகள் எல்லாரும் அந்த வீட்டு நடுமுற்றத்தில், வளவில்தான் கூடுகிறோம். புதுச் சேலை, வேட்டி வைத்து, இலை போட்டு, முன்னோருக்குப் படைக்கிறோம். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்த வளவுக்கு நான்தான் கோலம். இனிமேல் எங்கே படைப்பது? நீச்சல் குளத்திலா?

படைப்பு நாளன்றைக்கு வளவு எங்களுக்கு வேண்டும். அந்த ஒரு வரி எழுதினால்தான் கையெழுத்து. சொல்லிவிட்டேன்.

2.7.2025, புதன்

சென்னையிலிருந்து கொழுந்தனார் தண்டாயுதபாணி போன். இன்னொரு பங்குக்காரர். "அண்ணமிண்டி, வாயால சொன்னாப் போதாதா? கம்பெனிக்காரக மரியாதையானவக."

"அப்ப குத்தகையையும் வாயால சொல்லிக்கிடலாமே. எதுக்குப் பத்திரம்?"

 "ஆடி பிறக்கிறதுக்குள்ள முடிச்சுரணும், அதான்..." என்றார். ஆடி பிறந்தால் ஆகாது. படைப்பு நின்றால் ஆகுமாம்.

7.7.2025, திங்கள்

கையெழுத்தாகிவிட்டது.

ஒன்பதேகாலுக்கு நல்ல நேரம். கம்பெனிக்காரர்கள் பத்து மணிக்கு வந்தார்கள். பத்தரைக்கு எமகண்டம். இவுக கடிகாரத்தைப் பார்க்கிறாக, என்னைப் பார்க்கிறாக, மறுபடியும் கடிகாரம். முட்டையிடப் போகிற கோழி மாதிரி ஒரு இடத்தில் நிற்கவில்லை. பத்திரத்துக்கு மஞ்சள் வைத்து, சந்தனம் வைத்து, சாமி படத்தடியில் வைத்து எடுத்து... தாலி கட்டாததுதான் பாக்கி.

நான் கேட்ட வரி இல்லை! "மறந்துட்டோம் ஆச்சி" என்றார் வக்கீல். பேனாவை மூடி வைத்தேன். கொழுந்தனார் முகம் வேர்த்துவிட்டது. "எழுதுங்கய்யா, அஞ்சு நிமிஷத்துல எழுதுங்க, எமகண்டம் பிறக்கப் போகுது!" வக்கீல் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, "படைப்பு என்னைக்கு வரும்?" என்றார். இவுக உடனே, "இந்த வருஷம் பிப்ரவரி இருபத்தேழு." அவர் அடித்தார். வாசித்தும் காட்டினார்: ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி 27 அன்று காலை முதல் மாலை வரை வளவு உரிமையாளர் குடும்பத்துக்கு. "சரிதானே ஆச்சி?" சரி என்றேன். போட்டேன். பத்து இருபத்தாறு. கைதட்டினார்கள்.

பிறகு பதிவு ஆபீஸ். அங்கே எங்கள் டோக்கனைக் கூப்பிட்டது எமகண்டம் நட்டநடுவில்! இவுக முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சார்பதிவாளர் அம்மா என்னைக் கேட்டார்: "எழுதிக்கொடுத்தது நீங்கதானா? படிச்சீங்களா? சம்மதமா?" சம்மதம் என்றேன். கல்யாணத்தில் இசைகுடிமானம் எழுதினபோது ரெண்டு வீட்டு ஆம்பளைகளும் கையெழுத்துப் போட்டார்கள், இன்னாருக்கு இன்னார் பெண் என்று. யாரும் என்னைக் கேட்கவில்லை. பதிவு ஆபீஸில் கேட்டுவிட்டார்கள்.

8.7.2025, செவ்வாய்

இவுக தெரு முழுக்க "முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாக. என்ன முடிஞ்சுது? இனிமேதானே ஆரம்பம்.

14.9.2025, ஞாயிறு

மாதக் கடைசிக்குள் எங்கள் அறைச் சாமான்களை எடுத்துவிட வேண்டும் என்று பத்திரத்தில் இருக்கிறது. நினைவூட்டினேன். "எழுதுறது எழுதுவாக, அதுக்காக உடனேயா?" என்றாக. கொழுந்தனார் பங்கு அறைப் பூட்டுக்குச் சாவியே இல்லையாம், சாவி சிங்கப்பூரில் மகனிடமாம்.

நானே வண்டி பிடித்து, பித்தளை அண்டாவிலிருந்து ஊறுகாய் ஜாடி வரை ஏற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். ஓட்டல் மேனேஜர் முத்தரசு, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையன், கூட நின்று தூக்கினான். "சொன்ன தேதிக்கு வந்தது நீங்க ஒருத்தவுகதான் ஆச்சி."

பெருமையாக இருந்தது. திமிர் என்றும் சொல்லலாம்.

30.12.2025, செவ்வாய்

மளிகைக் கடைக் காலண்டர் வந்தது. வழக்கம்போல நல்ல நாள் பெரிய நாளை எல்லாம் பேனாவால் சுழித்துக்கொண்டு வந்தேன். சிவராத்திரி பிப்ரவரி 15.

பதினஞ்சா?

அப்ப படைப்பு பதினாறு. பத்திரத்துல இருபத்தேழு. வருஷா வருஷம் இருபத்தேழு!

சிவராத்திரி இங்கிலீஷ் தேதிக்கு வருமா? மாசித் தேய்பிறைக்கு வரும். பஞ்சாங்கத்தைப் பார்த்து எமகண்டம் கணக்குப் போட்ட அத்தனை பேரும், அதே பஞ்சாங்கத்தைப் பார்த்துப் படைப்பு நாளைச் சொல்லவில்லை. நானும்தான். சரி என்று சொன்னது என் வாய்தானே.

3.1.2026, சனி

முத்தரசுக்குப் போன் செய்தேன்.  "பதினாறாந் தேதி வெளிநாட்டுக்காரக கல்யாணம் ஆச்சி. வளவுலதான் மேடை. மேலிடத்துல கேட்டேன். இருபத்தேழுன்னுதானே எழுதியிருக்குங்கறாக."

இவுக வழி கண்டுபிடித்துவிட்டாக: "படைப்ப இருபத்தேழுக்கு மாத்திருவோம். முன்னோர் என்ன காலண்டரா பாக்குறாக?" ஏன், எமகண்டத்தை மட்டும் பத்து முப்பத்தொண்ணுக்கு மாத்த முடியலையே!

கொழுந்தனார் வழி: பங்காளிகளைத் திரட்டிக்கொண்டு போய் வாசலில் உட்காருவது. "கூட்டத்தப் பாத்தா விட்டுருவாக, அண்ணமிண்டி." வாய்ச்சொல் போதும் என்றவரும் இவர்தான். கையெழுத்துப் போட்டதை இல்லை என்று கத்தச் சொல்கிறவரும் இவர்தான்.

போக மாட்டேன் என்றேன். சம்மதமா என்று கேட்டார்கள், சம்மதம் என்றேன். அந்தப் பெண்ணுக்கும் அது கல்யாண நாள்.

சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

16.2.2026, திங்கள்

படைப்பு, காரைக்குடி வீட்டு ஹாலில். சோபாவை மாடிப்படியில் ஏற்றிவிட்டு இலை போட்டோம். பங்காளிகள் ரெண்டு பந்தியாக, மூன்று பந்தியாக, செருப்பு வைக்கவும் இடமில்லாமல். பங்காளிகளில் மூத்தவர் வீரபாண்டியன் போகும்போது, "படைப்பு நல்லா இருந்துச்சு, ஆனா..." என்று நிறுத்தினார். அந்த 'ஆனா' இன்னும் ஹாலில் நிற்கிறது.

வடிவேலவா, குறை இருந்தால் என் கணக்கில் எழுது. இவுக கணக்கில் ஏற்கனவே இடமில்லை.

27.2.2026, வெள்ளி

காலையில் குளித்து, கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு பள்ளத்தூர் பஸ் ஏறினேன். இவுக பின்னாலேயே ஓடி வந்தாக. "படைப்புதான் முடிஞ்சிருச்சே, இன்னைக்கு எதுக்கு?"

"இன்னைக்குத்தானே எழுதியிருக்கு."

வளவில் சாப்பாட்டு மேஜைகள், அதன் மேல் வெள்ளைத் துணி, துணியின் மேல் மடித்த கைக்குட்டை அன்னப்பறவைகள். மதியம் ஏதோ கம்பெனி விருந்தாம். முத்தரசு ஓடி வந்தான். "ஆச்சி! நீங்கதான் முடிச்சுட்டீகளே... இன்னைக்கு வர மாட்டீகன்னு..."

"வருவேனா மாட்டேனான்னு பத்திரத்துல இருக்காப்பா? வளவு எங்களுக்குன்னுதான் இருக்கு. பதினாறாம் தேதி நான் எழுத்துக்குக் கட்டுப்பட்டேன். இன்னைக்கு ஒங்க முறை."

பெங்களூருக்குப் போன் போனது. நான் சண்டை போடவில்லை. கோலம் போட்டேன், அன்னப்பறவைகளைச் சுற்றி. பாதிக் கோலத்தில் பெங்களூர் பதில் வந்தது போல. மேஜைகளை ஒவ்வொன்றாகப் பின்கட்டுக்குத் தூக்கினார்கள். இவுகளும் ஒரு முனையைப் பிடித்தாக. கைக்குட்டைகள் கலைந்து விழுந்தன.

விளக்கேற்றி, சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். படைக்க ஒன்றுமில்லை. திருப்புகழ் சொன்னேன். வளவு முழுக்கக் கேட்டது. விருந்துக்கு வந்தவர்கள் தூணோரம் நின்று பார்த்தார்கள். பார்க்கக் கூடாது என்று எதிலும் எழுதவில்லை, பார்க்கட்டும்.

போகும்போது முத்தரசு மெல்லக் கேட்டான்: "ஆச்சி, அடுத்த வருஷம் சிவராத்திரி எப்ப?"

"மேலிடத்த விட்டுக் கேக்கச் சொல்லு. எழுத்துல."

11.3.2026, புதன்

எழுத்தில் வந்துவிட்டது. ஒரு வரியைத் திருத்த நாலு பக்கம். வக்கீல், முத்தரசு, கொழுந்தனார், எல்லாரும் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் பக்கத்திலேயே இருக்கிறது: மகா சிவராத்திரிக்கு மறுநாள், பஞ்சாங்கப்படி.

இவுக காலண்டரைப் பார்த்துவிட்டு வந்து பேனாவை நீட்டினாக. "பன்னெண்டுக்கு ராகு காலம், தேனு. இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

"ம்" என்றேன்.

பன்னிரண்டு அடித்தது.  இவுக பேனாவைப் பிடித்தபடியே நின்றாக. நான் ரெண்டாம் பக்கத்தில் இருந்தேன்.