வலப்பக்க ஸ்பீக்கர்

கிடர்பூர்,
ஞாயிறு

என் தங்க மகளுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மன்னித்துக்கொள். முதியோர் கல்வி வகுப்புக்குப் போகிறேன். அப்பாவே எழுதியது என்றால் நம்புவாயா?

நீ விற்கச் சொன்ன கீபோர்டை விற்கவில்லை. நீயும் அம்மாவும் சேர்ந்து வாசித்துப் பதிந்த பாட்டு அதில் இருக்கிறதே. தினமும் போடுகிறேன். இடது ஸ்பீக்கரில் அம்மா வாசித்த கனத்த சுரங்கள், வலதில் உன்னுடையவை. போன வாரம் உன் பக்கத்து ஸ்பீக்கர் பழுதாகிவிட்டது. அம்மா தனியாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

பவானிபூரிலிருந்து வந்த மெக்கானிக் சிரித்தான். "தாத்தா, வலது வயரைப் பிடுங்கிடுங்க. அப்புறம் மோனோதான், ரெண்டு பேரும் ஒரே பெட்டியில வந்துடுவாங்க."

பிடுங்கினேன். வந்தீர்கள். எவ்வளவு சந்தோஷம்! பிறகுதான் உறைத்தது, நீயும் அம்மா இருக்கும் இடத்திலிருந்து கேட்கிறாய் என்று. உடனே வயரைத் திரும்பச் செருகிவிட்டேன். அங்கே அம்மா மட்டும் இருக்கட்டும்.

அம்மாவின் காரியம் முடிந்து ஊருக்குப் போனவள், நீ திரும்பி வரவே இல்லை. உன் நாற்காலியைத் துடைத்து வலப்பக்கம் போட்டிருக்கிறேன். அம்மா வாசிக்கும்போது ஒரு தடவையாவது அவளோடு உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போ.

அடுத்த வாரமும் எழுதுவேன். அதற்குள் நீ வந்துவிட்டால், எழுதியதை நானே படித்துக் காட்டுவேன்.

உன் அப்பா