அரிசித் தகரமும் அளக்கிற சுண்டும்

அக்கா,

இன்றைக்குத் தேயிலைத் தோட்டத்தில் அரிசி போட்டார்கள். தகரத்தைத் திறந்ததும், வண்டு வராமல் நீங்க போட்டுவைத்த காய்ந்த மிளகாய் வாசம் மூக்கில் ஏறியது. நீங்க கண்மூடிப் போய் மூன்று மாசம். அந்த வாசம் போகவில்லை.

நான் உங்கள் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு இந்த லயத்து வரிசை வீட்டுக்கு வந்தபோதே தகரம் உங்கள் வீட்டுக் காம்பராவில்தான் இருந்தது. அரிசி போடுகிற நாளில் வீட்டுக்கு ஒரு சுண்டு அளந்து அதில் கொட்டுவோம். இடையில் யார் வீட்டில் அரிசி தீர்ந்தாலும் அதிலிருந்து கடன். திருப்பும்போது ஒரு பிடி கூட. டவுன் கடையில் கைநீட்ட வேண்டாம்.

அரிசி எல்லாருடையது, பேர் மட்டும் உங்களுக்கு. பீலியில் தண்ணி பிடிக்கப் போனாலும் "பெரியவ கை ராசியான கை" என்ற பேச்சுதான். நானும் அந்த வீட்டு மருமகள்தானே? எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் பறித்த கொழுந்தை நிறுக்க எல்லாரும் நின்றபோது நான்தான் சொன்னேன் அக்கா: "எல்லார் வீட்டுலயும் அரிசி தீருது. அக்கா வீட்டுல மட்டும் தீரவே மாட்டேங்குதே, அது எப்புடி?"

சாயங்காலம் அத்தனை பேரும் பையோடு உங்கள் வாசலில். "எங்க அரிசிய எங்களுக்குக் குடுத்துருங்க."

பாதி அரிசி கடனில் வெளியே இருந்தது. மிச்சம் எல்லாருக்கும் பத்தாது. நீங்க சண்டை போடவில்லை. தகரத்தை வாசலுக்கு இழுத்துவைத்தீங்க. வீட்டுக்குள் போய் உங்கள் அரிசிப் பானையையே தூக்கிவந்து அதில் கவிழ்த்தீங்க. பானை அடியில் கிடந்தது இரண்டே பிடி. சுண்டை என் கையில் வைத்தீங்க.

"தகரம் வைக்கிறவ ஒருத்தி, அளக்கிறவ ஒருத்தியா இருக்கட்டும். நீ அள, தங்கச்சி."

நான்கு பேருக்கு அளந்தேன். அதற்குள் பின்னால் நின்றவர்கள் பையைச் சுருட்டிக்கொண்டார்கள். "இருக்கட்டும் அக்கா, அங்கயே கெடக்கட்டும்." வாங்கிய நான்கு பேரும் திரும்பக் கொட்டினார்கள். எனக்கோ தகரம் காலியாகாதா என்றிருந்தது.

யார் கிளப்பியது என்று கடைசி வரை நீங்க கேட்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் என் மனசு ஆறியிருக்கும்.

இப்போது தகரமும் சுண்டும் என்னிடம். இன்று நான் அளக்கும்போது கோடிக் காம்பராப் பெண் பக்கத்தில் நின்றவளிடம் குசுகுசுத்தாள்: "ரெண்டையும் ஒருத்தியே வச்சிருக்கா, யாரு கண்டா?" எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சுண்டை அவளிடம் நீட்டினேன். "இந்தா, இனிமே நீ அள."

எல்லாரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "அப்படியே பெரியவ மாதிரி" என்றாள் ஒருத்தி.

பார்த்தீங்களா அக்கா? கொடுத்தது என் கை. பேர் இன்றைக்கும் உங்களுக்குத்தான்.

சுண்டு அவள் வீட்டில் இருக்கிறது. தகரத்தில் புது மிளகாய் நான்கு போட்டு மூடிவிட்டேன்.