உன் வாப்பாவின் காரில் எரிந்த மஞ்சள் விளக்கு

786

மேலப்பாளையம்,
ஆகஸ்ட் 1997

அன்பு மகன் அஃப்சலுக்கு, உம்மா அலிமா பீவி ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உன் வாப்பாவின் வாய் உட்பட எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. சிங்கப்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். நிலோஃபருக்குப் பெண் பிள்ளை பிறந்ததை வாப்பா போனில் சொல்லிவிட்டார். ஆனால் உன் தங்கச்சியைப் பொட்டல்புதூர் மாமியார் வீட்டிலிருந்து பிரசவத்துக்கு அழைத்து வந்த கதையை மட்டும் "கார்ல சொகமா வந்துட்டோம்ல" என்று ஒரே மூச்சில் முடித்துக்கொண்டார். பூத்துக்கு வெளியே நின்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். போனில் மீட்டர் ஓடுகிறது என்பது அவர் சாக்கு. கடிதத்துக்கு மீட்டர் கிடையாது, அதனால் நடந்ததை நான் எழுதுகிறேன்.

கடையநல்லூர்க்காரர் நீ இருக்கிற சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த அந்தப் பழைய ஜப்பான் காரை வாங்கிய நாளிலிருந்து வாப்பா என்னைப் பார்ப்பதைவிட அதைப் பார்ப்பதுதான் அதிகம் என்று உனக்கே தெரியும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் கவிழ்த்துவைத்த கெண்டி மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்ததும் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. மெக்கானிக் ஐயம்பெருமாள் வந்து பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவார், விளக்கு அணையும், இவர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வருவார். மறுநாளே அது எரியும். நம் தெருவிலுள்ள ஆண்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அதில் பாதிப் பேர் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர்கள். அப்புறம்தான், அங்கே தினமும் இதே மாதிரி வண்டிகளைப் பிரித்து மாட்டுகிற நீ போனில் விவரம் சொன்னாய். இன்ஜின் பக்கத்திலுள்ள மூடி போட்ட பெட்டியில் இரண்டு ஓட்டையைக் கம்பியால் சேர்த்தால் விளக்கு கண் சிமிட்டும், அதை எண்ணிச் சொல்லுங்கள் என்றாய். அது இரண்டு தரம் சிமிட்டி, கொஞ்சம் நின்று, மறுபடி இரண்டு தரம் சிமிட்டியது. உன் வாப்பா இரண்டையும் இரண்டையும் கூட்டி நாலு என்று உனக்குச் சொன்னார். நாலு என்று ஒரு கோளாறே கிடையாது என்று நீ குழம்பினாய். நான் ரிசீவரைப் பிடுங்கி, இடையில் நின்று நின்று எரிந்ததைச் சொன்ன பிறகுதான் நீ சிரித்து, அது இருபத்திரண்டு, தண்ணிச் சூட்டைப் பார்க்கிற சென்ஸார் அல்லது அதன் வயர் என்றாய். வயரை முதலில் பாருங்கள் என்றும் சொன்னாய். வாப்பாவின் காதில் சென்ஸார் மட்டும் விழுந்தது.

நீ ஆள்வசம் அனுப்பிய புதுச் சென்ஸாரை மாட்டிய அன்று வீட்டில் பெருநாள் மாதிரி பிரியாணி. மறுநாள் காலையில் வண்டியைச் சந்திலிருந்து பின்னுக்கு எடுத்தார், விளக்கு எரிந்தது. மறுபடி சிமிட்டவைத்துப் பார்த்தால் அதே இருபத்திரண்டு. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சுவரில் இடிக்காமல் இருக்க வாசலில் நின்று "வாங்க, வாங்க, பைய வாங்க" என்று தினமும் கத்துகிறவள் நான்தானே. அந்த விளக்கு எரிகிற போதெல்லாம் அவர் ரிவர்ஸ் கியரில்தான் இருந்தார். முன்னால் போகும்போது அது புதிதாக எரிந்து நான் பார்த்ததே இல்லை. இதைச் சொன்னேன். "ஏளா, வண்டிக்கு முன்னு பின்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, நிலோஃபரை அழைக்கப் போகிற அன்று அந்த விளக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டார். சம்மந்தி அம்மா பார்த்தால் கௌரவம் போய்விடுமாம். நான் ஏசிய ஏச்சை எழுதினால் தபால்காரர் கடிதத்தைத் தூக்க மாட்டார்.

அழைத்து வரும்போது பின் சீட்டில் நிலோஃபரும் அவள் மாமியார் ஹமீது பீவியும், முன்னால் நான். வீரவநல்லூர் தாண்டி ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் நின்ற வைக்கோல் லாரி எங்களை நோக்கிப் பின்னால் உருண்டு வர, வாப்பா பதறிப்போய் ரிவர்ஸைப் போட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றே போனது. திரும்பத் திரும்பச் சாவியைத் திருக, பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்ததே தவிர ஸ்டார்ட் ஆகவில்லை. அந்த நேரம் பார்த்து நிலோஃபர் என் தோளை இறுக்கிப் பிடித்து "உம்மா, வலிக்கி" என்றாள். நாள் இன்னும் கிடக்கிறதே என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அது சும்மா வலி இல்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கேட் திறந்து லாரியும் போய்விட்டது, நாங்கள் மட்டும் நடுரோட்டில். ஹமீது பீவி ஒரு பக்கம் ஓதுகிறாள், ஒரு பக்கம் "என்ன சம்மந்தி, பாத்துக்கிட்டே நிக்கிய" என்று வாப்பாவை அதட்டுகிறாள். அவர் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பேட்டரியைக் கழற்ற ஸ்பானர் தேடுகிறார். ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்பானர் எங்கே என்று அவர் என்னைக் கேட்டதும் எனக்கு இருந்த கோபமெல்லாம் பயமாக மாறிவிட்டது மகனே.

பேட்டரியை விடுங்க, போய் சாவியைத் திருக்குங்க என்று அவரை உள்ளே அனுப்பிவிட்டு நான் இன்ஜினைப் பார்த்து நின்றேன். அவர் திருகும்போது இன்ஜின் பக்கவாட்டில் எழும்பி எழும்பி விழுந்தது. அதோடு ஒரு வயர்க்கட்டு துணி காயப்போடுகிற கொடி மாதிரி விறைத்து இழுபட்டது. பார்த்தால், வாங்கிய புதிதில் உன் வாப்பா வயரெல்லாம் கலைந்து கிடக்கிறதே என்று அழகாகச் சேர்த்து, நைலான் கயிற்றால் பாடியோடு இறுக்கிக் கட்டிய கட்டு! கத்தி கேட்டேன். கத்தி இல்லை. ஹமீது பீவி வெற்றிலைப் பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து நீட்டினாள். கயிற்றை வெட்டி, நீ சொன்ன சென்ஸாருக்குப் போகிற வயரைத் தடவினேன். மேலே உறை முழுசு, உள்ளே கம்பி அறுந்து ஓரிடத்தில் மட்டும் தொளதொளவென்று மடங்கியது. இரண்டு பக்கத்தையும் நெருக்கிப் பிடித்துக்கொண்டு, விளக்கு மேல் ஒட்டிய டேப்பை உரித்துத் தரச் சொன்னேன். அதே டேப்பால் வயரைச் சுற்றிக் கட்டினேன். பெட்ரோல் அடைத்தால் ஆக்ஸிலேட்டரை முழுசா மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லியிருந்தாயே, அதையும் சொன்னேன். கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு வண்டி உயிர் பெற்றது. "ஏளா, விளக்கு அணைஞ்சிட்டு!" என்று உள்ளேயிருந்து வாப்பா கத்தினார். என் விரலில் சூடு பட்டுக் கொப்புளித்திருந்தது பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லித்தான் தெரியும். அசர் தொழுகைக்கு முன்னால் பிள்ளை பிறந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் அந்த ரயில்வே கேட்டின் பேரைத்தான் அதற்கு வைத்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி நடையில் உன் வாப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் விரல் கொப்புளத்தை ஊதிவிட்டார். பிறகு, "நம்ம பிள்ள ஏறுத வண்டியாச்சே, உள்ள பாத்தாலும் லட்சணமா இருக்கட்டுமேன்னுதாம்ளா கட்டுனேன்" என்றார். கேலி செய்ய வாய் வந்தது, விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஐயம்பெருமாள் வயரைப் புதிதாகப் போட்டு, இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் கிழிந்திருந்ததையும் மாற்றினார். அந்த ரப்பரால்தான் ரிவர்ஸில் இன்ஜின் அந்தக் குதி குதித்து, கட்டிய வயரை இழுத்து அறுத்ததாம். இப்போது எத்தனை தரம் பின்னுக்கு எடுத்தாலும் விளக்கு எரியவில்லை. ஹமீது பீவி அடிக்கடி பஸ் ஏறி வந்து பிள்ளையைப் பார்க்கிறாள், சர்க்கரை போட்ட டீயே வேண்டும் என்கிறாள், அவள் சுகருக்கு அது ஆகாது என்று நீ ஒரு வார்த்தை போனில் சொல்.

உனக்கும் சொல்கிறேன், ராத்திரி ஷிப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல சம்பாத்தியமும் தருவானாக. நேற்று ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்த வாப்பா கார் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, "மைதானத்துக்குப் போவோம், நீ ஓட்டு, நான் பக்கத்துல வாயத் தொறக்காம இருக்கேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குக் கொடுத்த வாக்குகளில் இதுதான் பெரிது. மைதானத்தை நாலு சுற்று சுற்றினேன், உண்மையிலேயே திறக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டே இருந்தார். வரும்போது எனக்குக் குதிகால் உயரமில்லாத, பின்னால் வார் வைத்த செருப்பு ஒரு ஜோடி வாங்கி வா, மறந்துவிடாதே. இங்கே போடுகிற செருப்பு பிரேக்கை மிதிக்கையில் கழன்று விழுகிறது.

இப்படிக்கு,
உன் மேல் உயிராக இருக்கும் உம்மா,
அலிமா பீவி