பதினெட்டு தப்படி

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் தூறல், ஆராதனை முடிந்தபோது வெயில்.

ரூத் டீச்சரின் குழந்தையைப் புதைத்தது எமர்ஜென்சி போட்ட வருஷம். சேக்காட்டில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் கம்பம் வந்ததும் அப்போதுதான். கோயிலில் ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டார்கள். எனக்கு செக்ஸ்டன் வேலை கிடைத்தது. மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது, கல்லறைத் தோட்டத்தில் இடம் காட்டுவது. எல்லாம் ஒரே வருஷம். மறக்க வழியில்லை.

அதை இன்றைக்கு ஏன் சொல்கிறேன்? காரணம் இருக்கிறது. டீச்சருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. டாக்டர் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார். வேப்பம்பட்டில் மகள் வீட்டில் படுக்கை. ஒரே ஆசை: குழந்தை சுகிர்தாவின் குழியிலேயே தன்னையும் வைக்க வேண்டும். அந்தக் குழிக்குக் கல் இல்லை. மரச் சிலுவை நட்டோம், அது கரையான் தின்று ஐம்பது வருஷம் ஆகப் போகிறது. கல்லறை ரிஜிஸ்டர் வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டது.

சபைச் செயலாளர் ஜெயசீலன் சிரித்துக்கொண்டே, "அங்கிள், உங்க மண்டைதான் எங்க ரிஜிஸ்டர்" என்றார். சனிக்கிழமை தோட்டத்துக்குள் சிமெண்டுப் பாதை போடுகிறார்களாம். அதற்குள் அடையாளம் வைத்தாக வேண்டும். பாதைக்கு அடியில் போய்விட்டால் பிறகு உடைக்கக் கமிட்டி ஒப்புக்கொள்ளாது.

எனக்கு எண்கள் அப்படியே இருக்கின்றன. சுகிர்தா: கிணற்று விளிம்பிலிருந்து கிழக்கே பதினெட்டு தப்படி. நடந்தேன். காட்டினேன். கம்பி நட்டார்கள். இரண்டு நிமிஷ வேலை.

வீட்டுக்கு வந்து சோறு தின்னும்போதுதான் ஒன்று உறைத்தது. காலையில் எங்கள் சபை ஐயர் பிரசங்கம் முழுக்க, தன் புத்தியை நம்பாதே, ஆண்டவர்மேல் சாய்ந்துகொள் என்பதுதான். ஆமென் சொன்னேன். அரை மணி நேரம் கழித்து, ஒரு வார்த்தைகூட அவரிடம் கேட்காமல் என் மண்டையை நம்பி நடந்தேன்.

நவம்பர் 10, திங்கள்

மழை. துணி காயவில்லை.

இந்தப் போன் நான் சொல்வதை எழுத்தாக்குகிறது. மருமகள் ஸ்டெல்லா சொல்லிக் கொடுத்தாள். வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் உளறுகிறது, அதனால் ஐயர் மாதிரி பேசுகிறேன். எனக்குப் படிக்கத் தெரியாது. பொத்தானை அமுக்கினால் ஒரு பெண் எனக்கே வாசித்துக் காட்டுகிறாள். அவளுக்கு மூச்சே வாங்குவதில்லை.

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சாய்ந்துகொள்வது என்றால் எப்படி? சுவரில் சாய்ந்தால் முதுகுக்குத் தெரியும். ஆண்டவர்மேல் சாய்ந்தால் எங்கே தெரியும்? எழுபத்தெட்டு வருஷமாக வேதக்காரன். இதை யாரிடமும் கேட்டதில்லை.

சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவு. இன்று எதைச் செய்தாலும் முதலில் கேட்பது.

குளிக்கும் முன் கேட்டேன். வழுக்கவில்லை. (நேற்றும் வழுக்கவில்லை.)
மாத்திரை போடும் முன் கேட்டேன்.
துண்டு எடுக்கும் முன் கண்ணை மூடினேன். ஸ்டெல்லா பார்த்துவிட்டாள்.

"மாமா, துண்டுக்கெல்லாமா ஜெபம்? எது தொவைச்சதுன்னு என்னைக் கேட்டா சொல்லப் போறேன்."

அதுவும் சரிதான்.

கம்பி நட்ட இடம் சரிதானா என்று சாயங்காலம் கேட்டேன். பதில் இல்லை. ஜெபம் பண்ணும்போது வேண்டாத முகங்கள் வருகின்றன, அதிலும் ஒரு முகம். விரட்டினேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மேகமூட்டம். முட்டி வலி.

கோயிலில் ஞாயிற்றுக்கிழமை குடையை மறந்துவிட்டேன். எடுக்கப் போனேன். யாரும் இல்லை. பீடத்திலிருந்து வாசலுக்கு நடந்தேன். வாய் தானாக எண்ணியது, பழைய பழக்கம். பீடத்திலிருந்து வாசல் முப்பத்திரண்டு தப்படி. வேலைக்குச் சேர்ந்த வாரமே எண்ணி வைத்தது.

இன்றைக்கு நாற்பத்தைந்து.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று திரும்ப நடந்தேன். நாற்பத்தாறு.

கோயில் வளரவில்லை.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எண் மறக்கவில்லை. ஒன்றுகூட மறக்கவில்லை. கால் சுருங்கிவிட்டது, யாரும் சொல்லவில்லை. தினமும் கூடவே இருக்கிற கால்.

நேராகத் தோட்டத்துக்குப் போனேன். வாலிபத்தில் வைத்த மாதிரி காலை அகட்டி அகட்டி வைத்துப் பார்த்தேன், விழப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் கம்பிக்கு அப்பால் பத்துப் பன்னிரண்டு அடி. அங்கே கல் இல்லாத மேடு மூன்று, பக்கத்தில் பக்கத்தில். மூன்றின் மேலும் பாதைக்குக் கயிறு கட்டியிருக்கிறார்கள்.

மூன்றில் எது?

ஜெயசீலனுக்குச் சொல்ல வேண்டும். இன்று சொல்லவில்லை.

நவம்பர் 12, புதன்

ராத்திரி நல்ல மழை, விடிந்ததும் விட்டுவிட்டது.

இந்த நாலைந்து வருஷத்தில் வேறு எத்தனை இடம் காட்டினேன்? ஆறு. ஆறும் கல் வைத்த குழிகள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

ஜெயசீலனைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. "உங்களுக்கா அங்கிள் தப்பும்" என்றார். தப்பும் என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தடவை சொல்வதைவிட இரண்டாவது தடவை சொல்வதுதான் கஷ்டம். குழந்தையின் அடக்கத்தில் நின்றவர்கள் யாராவது இருந்தால் கேட்கலாமே என்றார்.

நின்றவர்கள்: அப்போதைய ஐயர். உபதேசியார். டீச்சரின் வீட்டுக்காரர் சாமுவேல் சார், பெட்டியைக் கையிலேயே தூக்கி வந்தார். அவர் அண்ணன். நான். ஐந்து பேர். நாலு பேரையும் நான்தான் மணியடித்து அனுப்பி வைத்தேன். பாக்கி நான் ஒருத்தன். இதைப் பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மழை என்பதால் சாயங்கால ஜெபத்துக்கு ஆள் இல்லை, நானும் ஐயரும்தான். அவரிடம் கேட்டேவிட்டேன்: ஐயா, பதில் வந்தால் அது ஆண்டவர் சொன்னதா, நாமே நினைத்ததா, எப்படித் தெரியும்? சின்னப் பையன் மாதிரி தலையைச் சொறிந்தார். அவருக்கும் பாதி நேரம் தெரியாதாம். ஆனால் தனக்குப் பிடித்த பதிலாகவே எப்போதும் வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுவாராம்.

நல்ல மனுஷன். வெளிப்படையாகச் சொன்னார்.

நவம்பர் 13, வியாழன்

வெயில். மொட்டை மாடியில் துணி காய்கிறது.

காலை ஜெபத்தில் மறுபடி அதே முகம். முனுசாமி. நாலு நாளாக இடைஞ்சல் என்று விரட்டிக்கொண்டிருந்தேன். இன்று விரட்டக் கை வரவில்லை. பிடிக்காத பதில் என்று ஐயர் சொன்னது இதுதானோ?

முனுசாமி குழி வெட்டுகிறவன். அந்தக் காலத்தில் இருபது வயசு. சுகிர்தாவுக்கும் அவன்தான் வெட்டினான். நின்றவர்கள் ஐந்து பேர் என்று இத்தனை வருஷம் சொன்னேனே, வெட்டினவனை எண்ணவே இல்லை.

யாருக்கும் தெரியாத ஒன்றை இங்கே சொல்லி வைக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு அடக்கத்துக்கு நான் இடம் காட்டினேன். முனுசாமி கடப்பாரையைக் குத்திப் பார்த்துவிட்டு, "இங்க வாணா அண்ணாத்தே, இங்க ஆள் கீது" என்றான். ஜனத்துக்கு முன்னால் சொன்னேன்: "உனக்கு வெட்டத்தான் கூலி. பேசறதுக்கு இல்ல." கடப்பாரையைக் கீழே வைத்தான். மண்வெட்டியையும் வைத்தான். கேட்டைத் தாண்டிப் போனவன் திரும்ப வரவில்லை. வேறு ஆளை வைத்து வெட்டினோம். முழங்கால் ஆழத்தில் எலும்பு. மூடச் சொல்லி, தள்ளி வெட்டச் சொன்னேன். அவன் சொன்னதுதான் சரி என்று யாரிடமும் சொல்லவில்லை.

நூம்பலில் மகள் வீட்டில் இருப்பதாக எப்போதோ கேட்ட ஞாபகம். உயிரோடு இருக்கிறானா?

ஸ்டெல்லாவிடம் நாளைக்கு நூம்பல் என்றேன். ஜெபம் பண்ணிட்டீங்களா என்றாள், கிண்டலாக. பண்ணிவிட்டேன். போக வேண்டாம் என்று ஆண்டவரைச் சொல்லச் சொல்லித்தான் பண்ணினேன். சொல்லவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

ஆவடியில் பஸ், பூந்தமல்லியில் இறங்கி ஷேர் ஆட்டோ. வேலப்பன்சாவடி தாண்டியதும் ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள்.

இருக்கிறான். பல் இல்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

"இன்னா அண்ணாத்தே. ஆவடிலேர்ந்து எத்தினி தப்படி வெச்சி வந்த?"

இருபது வருஷம் பத்திரமாக வைத்திருந்த கேள்வி. சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு எலும்பு வந்தது முனுசாமி, நீ சொன்னதுதான் சரி என்றேன். அவன் வெங்காயத்தைப் பார்த்தபடி, "தெரியும்" என்றான். மகள் டீ கொண்டு வந்தாள்.

டீச்சர் விஷயத்தைச் சொன்னேன். மூன்று மேடு என்றேன். அவன் கேட்டான், "குத்திப் பாத்தியா?"

எதைக் குத்துவது என்று புரியவில்லை. அப்புறம் சொன்னான். கல் இல்லாத குழிக்கெல்லாம் தலைமாட்டில், முழங்கை ஆழத்தில், ஒரு சோடா பாட்டிலைக் கவிழ்த்து வைப்பானாம். கடையில் தூக்கிப் போட்ட உடைந்த பாட்டில். மறுபடி வெட்டும்போது கடப்பாரை அதில் பட்டுச் சத்தம் வரும், ஆள் இருப்பது தெரியும். அன்றைக்கும் அப்படித்தான் தெரிந்ததாம். இத்தனை வருஷம் அவன் பக்கத்தில் நின்று இடம் காட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ எங்க கேட்ட?"

மூன்று மேட்டிலும் பாட்டில் இருந்தால் எது குழந்தை என்று எப்படித் தெரியும்? அதையும் கேட்டேன். வெங்காயத் தோலைக் கூட்டி ஒதுக்கினான்.

"கொயந்தைக்கி மட்டும் ஒடையாத பாட்டிலு. கோலியோட வெச்சேன். வெளாடட்டும்னு."

ஆட்டோ பிடித்தோம். மூன்று மணிக்குத் தோட்டம். ஜெயசீலன் கடப்பாரையோடு வந்தார். மழையில் மண் இளகியிருந்தது. முனுசாமியால் இப்போது கடப்பாரையைத் தூக்க முடியவில்லை. அவன் காட்டினான், ஜெயசீலன் குத்தினார். முதல் மேடு, கண்ணாடி, உடைந்த கழுத்து. இரண்டாவது மேடு, மண்ணைக் கையால் விலக்கினோம். முழுப் பாட்டில், பச்சை. முனுசாமி எடுத்துக் காதோரம் ஆட்டினான். உள்ளே கோலி உருண்டது.

மூன்றாவதைத் தொடவில்லை. பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்து மூடினோம். ஜெயசீலன் கயிற்றை அவிழ்த்து, பாதையை அப்பால் தள்ளிக் கட்டினார்.

நவம்பர் 15, சனி

சிமெண்டு போட்டார்கள். பாதை இப்போது ஓரிடத்தில் வளைந்து போகிறது. பார்க்க அசிங்கம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். எனக்கு அழகாகத்தான் தெரிகிறது.

கேள்வி இன்னும் தீரவில்லை. ஆண்டவர்மேல் சாயப் பார்த்தேன். அவர் என்னைக் கொண்டுபோய் முனுசாமிமேல் சாய்த்தார். இப்படித்தான் செய்வாரா, இது ஒரு தடவைதானா? முனுசாமி சாமி கும்பிடுவது மாரியம்மன் கோயிலில். இதை ஐயரிடம் கேட்க வேண்டும். அவர் மறுபடி தலையைச் சொறிவார்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். ஆராதனையில் ஜெயசீலன் எழுந்து என் ஞாபகசக்திக்காக ஸ்தோத்திரம் சொல்லப் பார்த்தார். பெஞ்சிலிருந்து எழுந்து, நான் காட்டியது தப்பு என்று சொன்னேன். உட்கார்ந்த பிறகு முதுகில் பெஞ்சு நன்றாகத் தெரிந்தது.

மதியம் ரயிலில் வேப்பம்பட்டு. டீச்சர் இளைத்துப் போயிருக்கிறார். கண் மட்டும் பழைய டீச்சர். இடம் கிடைத்துவிட்டது என்றேன். பாட்டில், கோலி, எல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். சுகிர்தாவுக்குக் கோலி என்றால் உயிர், வாயில் போட்டுக்கொள்வாள் என்று பிடுங்கி வைப்பேன் என்றார்.

பிறகு கேட்டார். அன்றைக்குத் தோட்டத்துக்குப் பெண்களை விடவில்லை. தான் வீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்றாம். அவளை மண்ணில் வைத்ததைப் பார்த்தவர்கள் யார் யார்?

விரல் விட்டுச் சொன்னேன். ஐயர் போய்விட்டார். உபதேசியார் போய்விட்டார். சாமுவேல் சார், அவர் அண்ணன், போய்விட்டார்கள். நான் இருக்கிறேன், ஆனால் பெட்டி உள்ளே இறங்கும்போது நான் மணியடிக்க ஓடிவிட்டேன்.

"அப்போ கடைசி வரைக்கும் பாத்தவங்க யாரும் இல்லையா?"

இருக்கிறான் டீச்சர் என்றேன். நூம்பலில். முனுசாமி.