செல்லையனுக்கு அடிக்காத மணி

1977 மார்ச் 6, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நன்மை அப்பம் வாங்கவில்லை. முன்வரிசையில் லாசர் மேஸ்திரி, வெளுத்த வேட்டியும் கையில் ஜெபமாலையுமாக. அவன் வாங்குகிற இடத்தில் நான் வாயைத் திறப்பேனா?

பதினாறு வருஷமாயிற்று, என் வீட்டுக்காரர் செல்லையன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து. கயிறு இற்றுப்போச்சு என்று முந்தின நாளே சொன்ன மனுஷன். லாசர்தான் ஏறச் சொன்னான். செத்த பிறகு, "குடிச்சிட்டு ஏறினான்" என்று அப்போதிருந்த பாதிரியார் சாமியிடம் போய்ச் சொன்னதும் அவன்தான். குடித்துச் செத்தவனுக்குத் துக்கமணி கிடையாது என்றுவிட்டார் சாமி. மணிச் சத்தம் இல்லாமல் தூக்கிக்கொண்டு போனோம். கள்ளு வாடை பட்டாலே குமட்டுகிற மனுஷனய்யா அவரு!

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

புதுச் சாமி எப்ரேம் அச்சன் வீட்டுக்கு வந்தார். சின்ன வயசு, மலையாளம் கலந்த பேச்சு. நன்மை வாங்காத காரணம் கேட்டார். சொன்னேன். செல்லையனுக்கு மணி அடிக்கணும் என்றேன்.

"அம்மச்சி, பழைய காரியமல்லே? நான் ஒரு பூசை வைக்காம். லாசரை மன்னிச்சிடுங்க. ஆண்டவர் யூதாசோட காலையும் கழுவினாரில்லே?"

"கழுவினாரு சாமி. யூதாசு நாண்டுக்கிட்டுச் செத்தான். இவன் மாடி வீடுல்லா கட்டியிருக்கான்!"

சிரித்துவிட்டார். என் வயிறு எரியுது, அவருக்குச் சிரிப்பு. போட்டு வைத்த சாயாவைக் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 7, பெரிய வியாழன்

சாமி கால் கழுவ உட்கார்ந்த பன்னிரண்டு பேரில் லாசரும். எழுந்து வந்துவிட்டேன்.

மே 17, செவ்வாய்

லாசர் போய்விட்டான். என் மகன் சத்தியதாஸ் அவன் பிள்ளைகளிடம்தான் கொத்து வேலை பார்க்கிறான். "அம்மா, நீ ஒண்ணும் பேசப்பிடாது" என்றான். பேசவில்லை. நேரே கோயிலுக்குப் போய் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மணி அடிக்கிற கோயில்பிள்ளை வந்து, "கிழவி, விடு. பெரிய வீட்டுச் சாவு" என்றான்.

"என்னையும் சேத்துத் தொங்கவிட்டு அடில!"

கோயில் கமிட்டிக்காரர்கள் கத்தினார்கள். சாமி வந்தார். வையவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நேற்று சாகக் கிடந்த லாசருக்கு அவஸ்தைத் தைலம் பூசி, அவன் பாவங்களைச் சொல்லச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் கேட்டவர் இவர்தானே?

"அவன் உண்மையைச் சொன்னானா சாமி?"

"செல்லையனுக்கு ஞானஸ்நானப் பேர் என்ன?" என்று மட்டும் கேட்டார்.

"சூசை."

கயிற்றை வாங்கி அவரே அடித்தார். லாசருக்கென்று நினைத்து ஊர் கூடியது. வாசலில் நின்று, "இது சூசை என்கிற செல்லையனுக்கு" என்றார். பிறகுதான் லாசருக்கு. நான் சிலுவை போடவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

ஜூன் 5, ஞாயிறு

சாமியை மாற்றிவிட்டார்கள். பொன்முடிப் பக்கம், எஸ்டேட் கோயிலுக்கு. பாவசங்கீர்த்தன ரகசியத்தை வெளியே காட்டிவிட்டார் என்று கமிட்டி மேலே ஆயருக்கு எழுதிவிட்டதாம். அவர் எங்கே சொன்னார்? ஒரு வார்த்தை சொன்னாரா? குழாயடியில் நான்தான் சொன்னேன், "லாசர் எல்லாத்தையும் கக்கிட்டான், அதான் சாமி மணியடிச்சார்" என்று. பின்னே, வேறெதுக்கு அடிப்பார்? வாயை மூடிக்கொண்டா இருப்பேன், பதினாறு வருஷம் கழித்து? பாவிகள்.

ஜூலை 17, ஞாயிறு

சாமியைப் பார்க்கத் தம்பானூரில் விதுரா பஸ் ஏறினேன். அங்கிருந்து மலைக்கு ஜீப். கோயில் என்றால் தகரக் கொட்டகை. லயத்துக் கூலிச் சனங்கள் கொஞ்சம் பேர். சாமி மெலிந்துபோயிருக்கிறார். மண்டியிட்டுக் குழாயடிச் சமாசாரத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "கல்லறைத் திருநாளுக்கு லாசர் குழியில் ஒரு மெழுகுதிரி வைக்கணும் அம்மச்சி. அதான் உங்க பாவத்துக்கு அபராதம்" என்றார்.

வேறு ஏதாவது தாங்க சாமி என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றார். நன்மை வாங்கினேன்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

லாசர் குழியில் திரி வைத்தேன். அவன் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பாதி எரிந்ததும் பிடுங்கிக்கொண்டுபோய்ச் செல்லையன் குழியில் நட்டேன்.

மீதிப் பாதி வேண்டுமென்றால் எப்ரேம் சாமி மலையிறங்கி வந்து கேட்கட்டும்.