கலெக்டர் சாகாமல் இருக்க வேண்டும்

என் ஞானத்துக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பூசைக்குச் சொல்லிவிட்டேன், கல்லறைக்குச் சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. அதையெல்லாம் நம் மகள் பிலோவே உன்னிடம் செபத்தில் சொல்லியிருப்பாள். நான் எழுத உட்கார்ந்தது வேறு யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல. எனக்குப் பயமாக இருக்கிறது, ஞானம்.

பின்கட்டுத் தகரக் கொட்டகையில் உன் பூனைகள் இன்னும் இருக்கின்றன. எலி பிடிக்கிற கெட்டிக்காரப் பூனைகளைப் புகையிலைக் குடோன்காரர்களும் அரிசி மில்காரர்களும் நீ இருக்கும்போதே கேட்டு வாங்கிப் போனார்கள். யாரும் கேட்காததுதான் மிச்சம். நொண்டி ஒன்று, காது கேட்காத வெள்ளை ஒன்று, அப்புறம் கலெக்டர். கன்னங்கரேலென்று, ஒற்றைக் கண்ணோடு அது குறுக்கே வந்தால் தெருவே ஒதுங்கி நிற்கிறது என்று நீதானே அந்தப் பேரை வைத்தாய்.

"சிலுவை வச்ச வேதக்காரங்க வீட்டுல சகுனம் பாக்க மாட்டாக" என்று சொல்லியே ஊர் முழுக்க வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து நம் வாசலில் போட்டார்கள். நீயும் ஒவ்வொன்றையும் மடியில் போட்டுக்கொண்டாய். பூனை என்றால் எனக்கு உதறல் என்பது உனக்குத் தெரியும். இப்போது கருவாட்டுச் சோற்றைப் பிசைந்து, தட்டைக் குச்சியால் உள்ளே தள்ளிவிட்டு ஓடிவருகிறேன். சிரிக்காதே.

பிலோ தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் விறகு எடுக்கக் கொட்டகைக்குள் போனவள் கலெக்டரின் வாலை மிதித்துவிட்டாள். ஐயோ பாவம் என்று குனிந்து தடவப் போனவளின் கையைக் கவ்விவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவி, ஜட்கா வண்டி பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா காயத்தைப் பார்த்துவிட்டு நிதானமாகத்தான் சொன்னார்கள். "வால மிதிச்சதுக்குக் கடிச்சிருக்கு. ஆனாலும் வெறி இருக்கான்னு தெரியணும். அந்தப் பூனையைக் கூண்டுல போட்டு வைங்க. பத்து நாள் உயிரோட நல்லா இருந்தா ஒண்ணும் பயமில்ல. செத்துப்போனாலோ, காணாமப் போனாலோ உடனே கூட்டிட்டு வாங்க. ஊசி ஆரம்பிச்சிரணும்."

"ஊசி எங்கம்மா போடுவீக?" என்று கேட்டேன்.

"வயித்துலதான்."

பிலோ இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று அந்த அம்மா எவ்வளவோ சொன்னார்கள். என் காதில் எதுவும் ஏறவில்லை.

கலெக்டர் மேல் கோழிப் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து, மேலே அம்மிக் குழவியை வைத்தேன். எப்படிப் பிடித்தேன் என்று கேட்காதே, மீனைக் காட்டித்தான். அன்றிலிருந்து நான் கடை திறக்கவும் இல்லை, தூங்கவும் இல்லை. அதன் வாயோரம் எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. அது எப்போதும் அப்படித்தானா, இல்லை இப்போதுதான் தொடங்கியதா? நீ இருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பாய். தண்ணீர் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெறி என்றால் தண்ணீரே ஆகாதாமே. வெகுநேரம் கழித்து நக்கியது. நக்கும்வரை நான் மூச்சுவிட்டேனா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேடசந்தூரிலிருந்து மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள். பூனை கடித்துவிட்டது என்று மட்டும் பிலோ சொல்லியிருக்கிறாள். ஊசிப் பேச்சை எடுத்தால் பயந்துவிடுவார்கள் என்று மறைத்துவிட்டாள். நான் பூசைக்குப் போய்த் திரும்பினால் பஞ்சாரம் நிமிர்ந்து கிடக்கிறது. மாப்பிள்ளை கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருக்கிறார்.

"சனியன் ஒழிஞ்சுச்சு மாமா. அடிச்சுக் கொன்னா பாவம் சுத்தும்னு அம்மா சொன்னாக. அதான் சாக்குல கட்டி, வழி தெரியாம இருக்கச் சாக்கை நல்லா சுத்திட்டு, நத்தம் ரோட்டுல புளியந்தோப்புக்கு அங்கிட்டு அவுத்து விட்டுட்டேன். இனிமே பிலோவுக்குப் பயமில்ல."

அவர்களும் வேதக்காரர் வீடுதான். ஆனால் பூனைப் பாவம் என்றால் மட்டும் எல்லா வேதமும் ஒன்றாகிவிடுகிறது. அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. பெண்டாட்டி மேல் உள்ள பிரியத்தில்தானே செய்தார்? விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் வெளிறிப்போய் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்பா, எனக்கு ஊசி வேணாம்ப்பா," என்றாள் பிலோ. சின்னப் பிள்ளையில் அழுவாளே, அதே அழுகை.

அடுத்த நத்தம் பஸ்ஸில் ஏறினோம், நானும் மாப்பிள்ளையும். தோப்போரம் இறங்கி அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தோட்டத்து நாய்கள் குரைக்கும்போதெல்லாம் அதைக் கடித்துக் கொன்றிருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தத் தோப்பில் நான் கூப்பிட்டதை நீ கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். "கலெக்டர், கலெக்டர்" என்று ஒரு கிழவன் கத்திக்கொண்டு போகிறான்.

புளி உடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான் வழி சொன்னாள். "ஒத்தக் கண்ணு கருப்புப் பூனையா? நல்லா கேட்டீக போங்க. குறுக்க வந்துச்சுன்னு ரெண்டு பேரு வேலைக்குப் போகாம வீட்டுக்குத் திரும்பிட்டாக. அந்தா, புளி வச்சிருக்க கொட்டாய்க்குள்ள கெடக்கு. சீக்கிரம் தூக்கிட்டுப் போங்கய்யா, புண்ணியமாப் போகும்."

நல்ல பூனையாக இருந்திருந்தால் யாராவது தூக்கிப்போயிருப்பார்கள், நமக்குத் தெரிந்தே இருக்காது. யாருக்கும் வேண்டாததால் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கிறது.

மூட்டைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்தது. மாப்பிள்ளை வரும்வரை காத்திருந்தால் ஓடிவிடுமே என்று பயம். கை நீட்டினால் கடிக்குமே என்று அதைவிடப் பயம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தேன், ஞானம். மணிக்கட்டில் பல்லை இறக்கியது. நான் விடவில்லை. வேட்டி முனையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அதன் நெஞ்சு என்னுடையதைவிட வேகமாக அடித்தது. என்னைவிட அதற்குத்தான் பயம் அதிகம் என்று அப்போதுதான் தெரிந்தது.

பம்ப்செட்டில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, மேலே துண்டைச் சுற்றிக்கொண்டேன். முள் கிழித்துவிட்டது என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். பிலோவிடமும் அதையேதான் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் அவளுக்குத் தெரிந்துவிடும். நிறைமாதத்தை நெருங்குகிறவள் எத்தனை பயத்தைத்தான் சுமப்பாள்?

அவளுடைய பத்து நாள் நேற்றோடு முடிந்தது. கலெக்டர் நன்றாக இருக்கிறது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே போகச் சொல்லிவிட்டார்கள். பிலோ வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். சம்பந்தியம்மா நிலக்கோட்டை மல்லிகை வாங்கி அவள் தலை நிறைய வைத்துவிட்டு, "இனிமே அத எங்கிட்டாவது கொண்டுபோய் விட்டுருங்கண்ணே. பிள்ளை வரப்போற வீடு" என்றார்கள்.

"முடியாது தாயி, அது இங்கதான் இருக்கும்," என்றேன். உன் ஞாபகமாக வைத்திருக்கிறேன் என்று நினைத்து அவர்கள் கண் கலங்கினார்கள். பிலோவும் என் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் துண்டு சுற்றிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

எனக்கு இன்னும் பத்து நாள் முடியவில்லை, ஞானம். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள். நான் மட்டும் அது சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா, நடை தள்ளாடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. தும்மினால்கூட எனக்கு உயிர் போய்விட்டு வருகிறது. அது சரியில்லை என்று தெரிந்த நிமிஷமே டாக்டரம்மா முன்னால் போய் நிற்பேன், அதற்காக நீ கவலைப்படாதே. ஆனால் பேரப்பிள்ளையை ஒரு தரமாவது தூக்க வேண்டும். உன் பங்குக்கும் சேர்த்துத் தூக்க வேண்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் நாளும் நல்லபடியாக முடிந்தால், அதற்கு அப்புறமும் இந்தக் கருப்பனை யார் சாக்கிலும் போக விடமாட்டேன். முடியாமல் போனால், பிலோவிடம் சொல்லிவிட்டுத்தான் உன்னிடம் வருவேன். அது மேல் தப்பில்லை, நான்தான் கையை நீட்டினேன் என்று.

முள் குத்தியது என்று ஊருக்குச் சொல்லி, உன்னிடம் மட்டும் கையைக் காட்டுகிற
உன் வீட்டுக்காரன்,
சூசை