மூன்று நிமிடம் பத்து வினாடி

நாச்சாரம், ஹைதராபாத்
சனிக்கிழமை, 12-8-1978

பிரியமுள்ள ஞானசௌந்தரிக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். பாளையங்கோட்டையில் நீயும் அத்தையும் சுகமா? ஒன்பதாம் மாதம், குடம் தூக்காதே.

எனக்குப் புது உத்தியோகம், தெரியுமா? கம்பெனியில் விசில் ஊதுகிறேன். சிரிக்காதே. மேனேஜர் உமாசங்கர் பம்பாயில் ஏதோ சொற்பொழிவு கேட்டு வந்தார். ஓட்டக்காரர்களைப் பழக்குவதுபோலத் தொழிலாளர்களையும் பழக்க வேண்டுமாம். மாநிலத்துக்காக ஓடி வேலை வாங்கியவன் நான் ஒருவன்தானே, ஸ்டாப்வாட்சை என் கையில் கொடுத்துவிட்டார்.

மின்விசிறிக்குக் கம்பிச்சுருள் சுற்றுகிற நாகம்மா அக்காவை முதலில் சோதித்தோம். பழைய புத்தி, மைதானத்தில் நிற்பதுபோல, விடாதே அக்கா, இன்னும் வேகம் என்று கத்தினேன். நாலரை நிமிட வேலையை மூன்று நிமிடம் பத்து வினாடியில் முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான்தான் பலமாகத் தட்டினேன்.

மறுநாள் அந்த வேகத்தையே எல்லோருக்கும் எட்டு மணி நேரத்துக்கும் கணக்காக்கிவிட்டார்கள். டீ இடைவேளையும் போயிற்று. இரண்டு வாரமாகிறது, அக்காவின் கட்டைவிரல் வீங்கிக் கிடக்கிறது. அந்த நேரத்தை இப்போது அவளாலேயே எட்ட முடியவில்லை.

நானூறு மீட்டர் ஓடிவிட்டு அரை மணி நேரம் தரையில் கிடப்பேன் சார், வாரம் இரண்டு நாள் எங்கள் கோச் ஓடவே விடமாட்டார் என்று சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் விளையாட்டுக்கு என்றார் மேனேஜர். உனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்றும் ஞாபகப்படுத்தினார்.

இது முடிகிற வேகம்தான், நானே சோதித்தேன் என்று திங்கட்கிழமை காலை கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், அந்த வேகத்தை எட்டாத தற்காலிகக்காரர்களை வேலையைவிட்டு நிறுத்துவார்கள்; முதல் பெயர் அக்காவுடையது. போடாவிட்டால் என் வேலையும் இந்த குவார்ட்டர்ஸும் போகும். பிள்ளையோடு உன்னை எந்த வீட்டுக்குக் கூப்பிடுவேன்?

நேற்று அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். நக்கோ தம்பி, அதெல்லாம் வேணாம், அன்னிக்கு நான் நல்லாத்தானே சுத்துனேன் என்று கேட்டாள்.

உன் யோசனையைக் கேட்கலாமென்றால், இது உன் கைக்கு வருமுன் திங்கள் போய்விடும். கர்த்தர் உனக்குச் சுகப்பிரசவம் அருளுவாராக. எனக்காகவும் ஜெபம் பண்ணு.

வீங்கின விரலோடு அக்கா தைத்துத் தந்த இரண்டு குட்டிச் சட்டைகளை இத்துடன் அனுப்புகிறேன். பிள்ளைக்கு உடனே போட்டுவிடாதே. திங்கட்கிழமை சாயங்காலம் நான் எழுதுகிற கடிதத்தைப் படித்துவிட்டுப் போடு.

உன் அன்புள்ள,
சிலாஸ்